மூன்றரை நிமிடப் பாட்டும் கொழும்புச் சிற்றலையும்

அவையோருக்கு வணக்கம். சினிமா சமூகத்தைக் கெடுத்ததா, வளர்த்ததா என்ற வழக்கைப் பட்டிமன்றக்காரர்கள் பார்த்துக்கொள்ளட்டும். நான் எடுத்துக்கொண்டது சின்னக் கேள்வி. பழைய படப்பாட்டு ஏன் மூன்று, மூன்றரை நிமிடத்தில் முடிந்துவிடுகிறது? அந்த அளவைக் கவிஞரும் வைக்கவில்லை, இசையமைப்பாளரும் வைக்கவில்லை. இசைத்தட்டு வைத்தது. அந்தப் பாட்டைப் படத்திலிருந்து கழற்றித் தனியே உலாவ விட்டதில் இந்தக் கொழும்புக்குப் பெரிய பங்கு உண்டு.

1931இல் வந்த ‘காளிதாஸ்’தான் தமிழின் முதல் பேசும்படம். அதில் 50 பாட்டு என்பார்கள். நாடக மேடையை அப்படியே பெயர்த்துக் கமெராவுக்கு முன் வைத்த காலம் அது. நடிப்பவரேதான் பாடவும் வேண்டும். இரண்டாம் உலகப் போர் வந்தது, பிலிம் தட்டுப்பட்டது. இந்தியாவில் ஒரு படம் 11,000 அடிக்கு மேல் போகக் கூடாது என்று அரசு கட்டுப்பாடு போட்டது. 35 மில்லிமீற்றர் பிலிம் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். வகுத்துப் பாருங்கள், இரண்டு மணித்தியாலமும் இரண்டு நிமிடமும். அதற்குள் கதையும் வேண்டும், நகைச்சுவையும் வேண்டும். 50 பாட்டுக்கு எங்கே போவது?

எண்ணிக்கையைப் பிலிம் குறைத்தது. நீளத்தைக் குறைத்தது இசைத்தட்டு. பத்து அங்குல அரக்குத் தட்டு, நிமிடத்துக்கு 78 சுற்று. விளிம்பிலிருந்து லேபல் வரை, ஊசி ஓடும் பள்ளமான வரியை வெட்டக் கிடைக்கும் இடம் மூன்று அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. அங்குலத்துக்கு ஏறத்தாழ 100 வரி. ஆக 280 சுற்றுச் சொச்சம். 78ஆல் வகுத்தால் ஏறத்தாழ மூன்றரை நிமிடம். வரியை இன்னும் நெருக்கி வெட்டினால் என்ன என்று கேட்கலாம். சத்தம் கூடிய இடத்தில் பக்கத்து வரியின் சுவர் உடையும், ஊசி தாவும். சத்தத்தைக் குறைத்து வெட்டினாலோ தட்டின் இரைச்சல் பாட்டை விழுங்கிவிடும். இரண்டுக்கும் நடுவே நிற்கிற அளவுதான் மூன்றரை நிமிடம். தொடக்க இசை, பல்லவி, இடையிசை, இரண்டு சரணம், அவ்வளவுதான் கொள்ளும். மூன்றாவது சரணம் இருந்தால் அது படத்தோடு நின்றுவிடும். தட்டிலே கேட்டுப் பழகியவர் படமாளிகையில் அந்தச் சரணம் வரும்போது நிமிர்ந்து உட்காருவார்.

இனி வானொலி. போரையொட்டி, தென்கிழக்காசியப் படையினருக்காகக் கொழும்புக்கு அருகே ஏக்கலையில் 100 கிலோவாற் சிற்றலைப் பரப்பி, அதாவது தொலைதூரத்துக்கு ஒலிபரப்பும் கருவி, நிறுவினார்கள். போர் முடிந்தபின் அது றேடியோ சிலோன் என்ற இலங்கை வானொலியின் கைக்கு வந்தது. 1950இல் விளம்பரத்தோடு ஓடும் வர்த்தக சேவை தொடங்கியது. 1952இல் இந்தியாவில் ஒலிபரப்புக்குப் பொறுப்பாயிருந்த அமைச்சர் கேஸ்கர், சினிமாப் பாட்டு தரக்குறைவு என்று அகில இந்திய வானொலியிலிருந்து அதை விலக்கினார். படை கேட்கக் கட்டிய பரப்பி கையில் இருக்கிறது, பக்கத்து நாட்டில் கோடிக்கணக்கானோர் பாட்டுக்குக் காத்திருக்கிறார்கள். சோப்பும் பற்பசையும் விற்பவர்களுக்கு வேறென்ன வேண்டும்? 1957இல் டெல்லி மனம் மாறிப் படப்பாட்டுக்கும் இடம் தரும் விவித் பாரதி சேவையைத் தொடங்கியபோது, தமிழ்நாட்டு வானொலிப் பெட்டியின் முள் கொழும்பிலே நின்று பழகிவிட்டிருந்தது.

சிற்றலை மேலே அயன மண்டலம் என்ற மின்னேற்ற வான்படலத்தில் பட்டுத் திரும்பி வருவது. அதனால் ஏறி இறங்கும், சில நேரம் கரையும். ஏறத்தாழ 5,000 ஹேர்ட்ஸுக்கு மேலுள்ள ஓசை பெரும்பாலும் போய்ச் சேராது. வயலினின் மினுக்கம் போய்விடும், சல்லாரியின் சில்லென்ற ஓசை போய்விடும். மிஞ்சுவது குரலும் சொல்லும். டி. எம். சௌந்தரராஜனும் பி. சுசீலாவும் அந்த இரைச்சலுக்குள்ளும் எழுத்தெழுத்தாகக் கேட்டார்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் மாதிரி ஆனதற்கு உச்சரிப்பும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு.

மயில்வாகனம், கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீத் போன்ற அறிவிப்பாளர்களின் பெயர் நடிகர் பெயர் அளவுக்குப் பரவியது சும்மா இல்லை. பாட்டு விடும் வேலையைக் கிட்டப் போய்ப் பாருங்கள். ஊசியை வைத்து முதல் ஓசை வரும் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். பிறகு தட்டைக் கையால் பின்னுக்கு அரைச்சுற்றுத் திருப்பி நிறுத்த வேண்டும். அந்த அரைச்சுற்று இல்லையென்றால், தட்டு முழு வேகம் பிடிக்கும் முன்பே பாட்டுத் தொடங்கி, சுருதி இழுபட்டு ஏறும். தொடக்க இசை பதினைந்து வினாடி என்றால் பேச்சு பதினான்கில் முடிய வேண்டும். பாடகர் வாயில் விழக் கூடாது. இப்படித் திருப்பித் திருப்பி வைத்த தட்டின் முதல் வரிகள் தேய்ந்துபோகும். அடிக்கடி ஒலித்த தட்டை அதன் தொடக்கச் சரசரப்பே காட்டிக்கொடுக்கும்.

வானொலியில் ஒலிச்சித்திரமும் இருந்தது, படத்தின் ஒலியை மட்டும் வெட்டிச் சுருக்கித் தருவது. அதில் வசனப் படம் மறுபிறவி எடுக்கும். சண்டைப் படம் வெறும் ‘டமார் டமார்’ ஆகிவிடும். கண்ணால் மட்டும் சொன்ன காட்சி அடியோடு காணாமற் போகும். படம் பார்க்காதவர் வாயிலும் நீண்ட வசனம் புரண்டதென்றால், அது காதால் பிடித்த வசனம்.

சினிமாவுக்குப் பாஸ்போட் வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1947 ஜனவரி 21இல் கொட்டாஞ்சேனை கிங்ஸ்லியில் வெளியான முதல் சிங்களப் பேசும்படம் ‘கடவுணு பொறொந்துவ’. தயாரித்தவர் நாயகம், படமாக்கிய இடம் தென்னிந்தியா, கதாநாயகி ருக்மணி தேவி தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர்.

வீட்டில் பழைய தட்டு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அரக்குத் தட்டை ஸ்பிரிற்றால் துடைக்காதீர்கள், அரக்கு கரைந்துவிடும். ஈரம் பிழிந்த மென்துணி போதும். லேபல் நனையக் கூடாது. ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்க வைத்தால் அடியிலுள்ளது வெடிக்கும், நிறுத்தி வையுங்கள். கணினியில் பதிவு செய்யும்போது, பின்னாளில் வந்த நீண்டநேரத் தட்டான எல்பியின் ஊசியைப் போடாதீர்கள். அதன் முனை ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு. 78 சுற்றுத் தட்டுக்கு அப்படி மூன்று பங்கு வேண்டும். சின்ன ஊசி வரியின் அடியில் போய் உட்கார்ந்து தூசியைத்தான் பாடும். தொடக்கச் சரசரப்பை மென்பொருளால் வழித்தெடுக்காத ஒரு பிரதியும் வைத்திருங்கள். அந்தப் படத்தின் பாட்டுப் புத்தகம் அலுமாரியில் கிடந்தால் பக்கத்தில் விரித்து வைத்துக் கேளுங்கள். தட்டில் ஏறாத சரணம் அதில் அச்சாகியிருக்கக் கூடும்.