நாள்குறிப்பை விரித்த மனிதர்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். மனிதரின் பழக்கத்தை மாற்றுவது தகவலா, உணர்வா? உணர்வே என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய நண்பர், "உணர்வு அணியினர் மூளையைக் கழற்றி வைத்துவிட்டு மேடையேறியவர்கள்" என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். தட்டிய கைகளைக் குறித்து வைத்திருக்கிறேன், வட்டியோடு வசூலிப்பேன்.

நண்பரே, அறிவு அப்படியே இருக்க, அதை உணர்வோடு இணைக்கும் இடம் மட்டும் பழுதானால் என்ன ஆகும்? அப்படி ஒருவர் அந்தோனியோ டமாசியோ என்ற நரம்பியல் மருத்துவரிடம் வந்தார். நெற்றிக்குப் பின்னால் மூளையில் சேதம். பேச்சிலும் அறிவிலும் குறையில்லை. "அடுத்து எப்போது வருகிறீர்கள்?" என்று டமாசியோ இரண்டு தேதிகளைச் சொன்னார். சில நாள்கள்தான் இடைவெளி. மனிதர் நாள்குறிப்பை விரித்தார். முதல் தேதியில் வேறு வேலை இருக்கிறதா? அதற்கும் இதற்கும் எவ்வளவு நெருக்கம்? வானிலை எப்படி இருக்கக்கூடும்? சரி, இரண்டாம் தேதி? அங்கேயும் வேலை, அங்கேயும் வானிலை. மறுபடி முதல் தேதி! எதிரணியின் இலட்சிய மனிதர், நடுவர் அவர்களே! அத்தனையும் தகவல். கிட்டத்தட்ட அரை மணி நேரம் போயிற்று. கடைசியில் டமாசியோ, "இரண்டாவது தேதியிலேயே வாருங்கள்" என்றார். "சரி" என்று மூடி வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டார்!

இதே மனிதர் முந்தைய நாள் பனி உறைந்த சாலையில் பதறாமல் வண்டி ஓட்டி வந்தவர்; உணர்வு குறுக்கிடாதது அங்கே அவருக்கு உதவியது. நண்பர் எழுந்து சொல்லுமுன் நானே சொல்லிவிடுகிறேன்.

நம் நண்பர் இங்கே வர எப்படி ஒப்புக்கொண்டார்? நாள்குறிப்பையா விரித்தார்? நடுவர் பெயரைக் கேட்டதும் முகம் மலர்ந்து தலையாட்டினார். அந்தத் தலையாட்டல் எங்கள் அணிக்கு விழுந்த வாக்கு.

ஆய்வு வேண்டுமா? 2010இல் எமிலி ஃபால்க் குழுவினர் 20 பேரை ஸ்கேனில் படுக்கவைத்து, வெயில் காப்புக் களிம்பு பூசச் சொல்லும் செய்திகளைக் காட்டினார்கள். ஒரு வாரம் கழித்து யார் எவ்வளவு மாறினார்கள் என்று பார்த்தார்கள். வாய் சொன்னதை வைத்துக் கணிக்க முடியாத மாற்றத்தையும் முன்மூளையின் நடுப்பகுதி காட்டிக்கொடுத்தது. 'இது எனக்கானது' என்று நாம் நினைக்கையில் விழித்துக்கொள்ளும் பகுதி அது.

என் அப்பா தன் இரத்த அழுத்த அளவுகளைத் தேதிவாரியாகக் குறிப்பேட்டில் எழுதுவார். எல்லா எண்ணும் மனப்பாடம். மாத்திரையை மட்டும் மறந்துவிடுவார். அம்மா ஒரு டப்பாவில் 'காலை', 'இரவு' என்று எழுதி ஒட்டினார். அப்போதும் தினம் சண்டைதான். அம்மா போய்விட்டார். எழுத்து மங்குகிறதே என்று புது டப்பா வாங்கிப் போனேன். "அது உன்னிடமே இருக்கட்டும், இதில் அவள் எழுத்து இருக்கிறது" என்றார். அம்மா போன நாளிலிருந்து ஒரு வேளை தவறவில்லை. குறிப்பேட்டைத்தான் இப்போது அவர் திறப்பதே இல்லை.

நடுவர் மணியைத் தொட்டுவிட்டார். வருகிறேன்.