பெட்டியில் கிடக்கும் ஸ்ட்ராம்பெர்க் 97 கார்புரேட்டர்: பழைய ஹாட் ராட் பாகங்களை மறுபடி ஓட வைப்பது எப்படி?

(திரையில்: இருட்டான கேரேஜ், மர அலமாரி, துருப்பிடித்த டப்பாக்கள்)

வணக்கம். தெற்குக் கலிபோர்னியாவில் இப்படி ஒரு கேரேஜை நினைத்துக்கொள்ளுங்கள். ஐம்பது வருஷமாக ஒருத்தர் சேர்த்து வைத்ததெல்லாம் உள்ளே இருக்கிறது, காபி டப்பா நிறைய போல்ட், செய்தித்தாளில் சுற்றிய கார்புரேட்டர்கள், ஒரு மூலையில் எண்ணெய் பிசுக்கோடு ஒரு என்ஜின் பிளாக். அவர் இறந்துவிட்டார், பிள்ளைகளுக்கு வீட்டை விற்க வேண்டும், எது என்னவென்று அவர்களுக்குத் தெரியாது. பழைய இரும்பு எடுப்பவரின் லாரி முந்திக்கொண்டால் அத்தனையும் எடைக்குப் போய்விடும். இது நடக்கக் கூடாது என்பதற்காகத்தான் இந்த வீடியோ.

இந்தச் சாமான்கள் எங்கிருந்து வந்தன? 1932-இல் ஃபோர்டு தன் பிளாட்ஹெட் (வால்வுகள் பிளாக்கிலேயே இருப்பதால் மேல்மூடி தட்டையாக இருக்கும்) வி8 என்ஜினைக் கொண்டுவந்தது, 221 கன அங்குலம், 65 குதிரைசக்தி. சாமானியன் வாங்குகிற விலையில் எட்டு சிலிண்டர்! நாலைந்து வருஷத்தில் அந்த வண்டிகள் செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைத்ததும் இளைஞர்கள் மட்கார்டைக் கழற்றி, எடையைக் குறைத்து, முரோக், எல் மிராஜ் என்று வறண்ட ஏரிப் படுகைகளில் ஓட்டிப் பார்த்தார்கள். இப்படி வேகத்துக்காக மாற்றிய வண்டிதான் ஹாட் ராட். 1937-இல் அவர்களுக்கென்று எஸ்.சி.டி.ஏ. (சதர்ன் கலிபோர்னியா டைமிங் அசோசியேஷன்) என்ற சங்கமே உருவானது. விக் எடெல்பிராக், ஆஃபன்ஹவுசர் போன்றவர்கள் சின்னப் பட்டறைகளில் அலுமினிய ஹெட் (சிலிண்டர்களின் மேல்மூடி), மேனிஃபோல்ட் (கார்புரேட்டரிலிருந்து சிலிண்டர்களுக்குப் போகும் குழாய்த் தொகுதி) வார்த்து விற்றார்கள். சின்னப் பட்டறைச் சரக்கு என்பதால் சில வகைகள் கொஞ்சம்தான் செய்யப்பட்டன.

சரி, கேரேஜுக்குள் போகலாம். முதல் வேலை போட்டோ எடுப்பது. ஒரு பொருளையும் நகர்த்துவதற்கு முன்னால் எடுங்கள், ஏனென்றால் எது எதன் பக்கத்தில் இருந்ததோ அதுவும் ஒரு தகவல். ஒரே மேனிஃபோல்டுக்குச் சேர்த்து வைத்த இரண்டு கார்புரேட்டரைப் பிரித்து வேறு வேறு பெட்டியில் போட்டுவிட்டால் அந்த ஜோடியை மறுபடி யாராலும் சேர்க்க முடியாது. அவர் கையால் எழுதிக் கட்டிய அட்டை இருந்தால் அவிழ்க்காதீர்கள்.

அப்புறம் அடையாளம் காண்பது. ஒரு பழைய ஹெட் கிடைத்தால் ஸ்டட் (ஹெட்டை பிளாக்கோடு இறுக்கும் திருகு தண்டு) துளைகளை எண்ணுங்கள். 21 என்றால் 1938 அல்லது அதற்கு முந்தைய பிளாக்குக்கு, 24 என்றால் அதற்குப் பிந்தியதற்கு. இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாது, இதைப் பார்க்காமல் காசு கொடுத்து ஏமாந்தவர்கள் நிறைய.

(திரையில்: மேஜை மேல் ஒரு கார்புரேட்டர், நெருக்கமாக)

இப்போது இதைப் பாருங்கள். பக்கவாட்டில் 97 என்று புடைத்து நிற்கிறது, தெரிகிறதா? 1936 முதல் ஃபோர்டு வி8-இல் வந்த ஸ்ட்ராம்பெர்க், உள்ளே காற்று போகிற தொண்டையின் விட்டம் 0.97 அங்குலம், அதைத்தான் அந்த எண் சொல்கிறது. இதே உருவத்தில் 81 என்று ஒன்று உண்டு, அது சின்ன என்ஜினுக்கானது. அழுக்கில் எண் மறைந்திருக்கும், துணியால் துடைத்துப் பார்த்துவிட்டுத்தான் விலை பேச வேண்டும்.

நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: எடுத்த எடுப்பில் பளபளப்பாக்காதீர்கள். அடிப்பாகம் வார்ப்பிரும்பு, மேலே இருப்பது துத்தநாகக் கலவை, மொத்தமாக அமிலத்தில் போட்டால் மேல் பாகம் அரித்துப் போகும். மண்ணெண்ணெய், பிரஷ், பொறுமை, இவை போதும். த்ராட்டில் ஷாஃப்ட்டை, அதாவது ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் திரும்புகிற தண்டைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். ஆடினால் அந்த இடுக்கு வழியாகக் காற்று நுழையும், ஐடிலில் (ஆக்ஸிலரேட்டரை அழுத்தாதபோது) என்ஜின் நிலையாக ஓடாது. துளையைப் பெரிதாக்கி புஷ் (உள்ளே பொருத்தும் சின்ன உலோக வளையம்) போட்டால் சரியாகிவிடும். முன்பு யாரோ போல்ட்டை அளவுக்கு மேல் முறுக்கியதில் சேர்கிற முகங்கள் வளைந்திருக்கும், கண்ணாடித் தகட்டின் மேல் எமெரி பேப்பரை விரித்து மெதுவாகத் தேய்த்துச் சமப்படுத்தலாம்.

பிளாக் விஷயம் வேறு. பிளாட்ஹெட்டில் புகை வெளியேறும் பாதை பிளாக்குக்கு உள்ளேயே போவதால் சூடு அதிகம், வால்வுக்கும் சிலிண்டருக்கும் நடுவில் விரிசல் விடுவது சகஜம். கண்ணுக்குத் தெரியாது. காந்தம் வைத்து இரும்புத் தூளைத் தூவினால் விரிசல் இருக்கிற இடத்தில் தூள் கோடு போல வரிசைகட்டி நிற்கும், முதல் தடவை பார்க்கிறவர்களுக்கு மயிர்க்கூச்செறியும். இந்தச் சோதனை முடியாமல் போரிங் (சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கும்) வேலைக்கு ஒரு காசு செலவழிக்காதீர்கள். நீர் ஓடும் அறைகளில் தொழிற்சாலை வார்ப்பு மணல் இன்னும் தங்கியிருக்கும், கம்பி விட்டுக் குத்தி அதையும் வெளியே எடுங்கள்.

ஒரு விஷயத்தில் நான் பிடிவாதம். ஹாலிபிராண்ட் என்ற பந்தயச் சக்கர நிறுவனத்தின் பழைய மக்னீசிய வீல் அழகோ அழகுதான், ஆனால் இத்தனை வருஷம் ஆன வார்ப்பைச் சோதிக்காமல் ரோட்டில் ஓட்டாதீர்கள், சந்தேகமிருந்தால் சுவரில் மாட்டுங்கள். இன்னொன்று, குளோரின் கலந்த கிளீனரால் கழுவிய பாகத்தை ஈரத்தோடு வெல்டிங் செய்தால் ஃபாஸ்ஜீன் என்ற விஷவாயு வரும்.

புதிதாகவே 97 செய்து விற்கிறார்களே, ஏன் இந்தப் பாடு என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் இந்த மேனிஃபோல்டின் ஓரத்தில் பாருங்கள், யாரோ கையால் அரம் போட்டு வாயை அகலப்படுத்தியிருக்கிறார், கோடு கோணலாகப் போகிறது. ஒரு ஏரிப் படுகையில் மணிக்கு இரண்டு மைல் வேகம் அதிகமாகக் கிடைக்காதா என்ற ஆசையில் செய்த வேலையாக இருக்கலாம். அந்தக் கோடு புது வார்ப்பில் வராது. அதை நான் அப்படியே விட்டுவிட்டேன்.

மாட்டும்போது எரிபொருள் அழுத்தத்தை மட்டும் கவனியுங்கள், இரண்டரை முதல் மூன்று பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) தாண்டக் கூடாது, தாண்டினால் கார்புரேட்டருக்குள் பெட்ரோலை நிறுத்தும் ஊசி வால்வு மூடாமல் பெட்ரோல் வழியும். இதோ, அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் வைத்தாயிற்று. ஸ்டார்ட் பண்ணுகிறேன், சத்தத்தைக் கேளுங்கள்.