கோத்தர் கொள்: நீலகிரிக்கே வாசித்த மேளம்

[காட்சி: இருட்டு. விறகுத் தீ. தம்பட்டையைத் தீக்கு நேராகப் பிடித்திருக்கும் இரண்டு கைகள்.]

மார்கழிக் குளிர். கோத்தகிரிப் பக்கம், நீலகிரிப் பழங்குடிகளான கோத்தர்களின் ஓர் ஊர். பனி இறங்கினால் தோல் தொய்ந்துபோகும். அடித்தால் தொப்பென்று கேட்கும். அதனால் வாசிக்கும் முன் தீ மூட்டி, தோலைக் காய வைத்து, விரலால் தட்டித் தட்டிப் பார்ப்பார்கள். கணீரென்று வந்ததும் பக்கத்தில் ஒரு குழல் எழும். அப்புறம் விடிய விடிய ஓயாது.

[காட்சி: விடியல். தேயிலைச் சரிவு, மூடுபனி.]

வணக்கம். 2025 மார்ச்சில் இளையராஜா லண்டனில் தன் சிம்பொனியை அரங்கேற்றினார். அப்போது நம் ஊர் டீக்கடைகளில்கூட அதை வாசித்த ஆர்கெஸ்ட்ரா என்ற பெரிய இசைக்குழு பற்றிப் பேசினார்கள். மேல்நாட்டில் பல நகரங்களுக்குச் சொந்தமாக ஓர் இசைக்குழு உண்டு. அந்தக் குழுவால் சுற்றியிருக்கிற மக்களுக்கு என்ன பயன்? நீலகிரியில் இருந்துகொண்டு இதைக் கேட்டால், பதில் சொல்லக் கோத்தர்களிடம்தான் போகவேண்டும்.

கோத்தர்கள் மொத்தமே ஏறத்தாழ இரண்டாயிரம் பேர். ஏழு ஊர்கள். ஒரு கருப்புப் பசு முன்னால் நடந்து போனதாம். அது கால் பதித்துக் காட்டிய இடங்களில் ஊர் அமைத்தோம் என்பது அவர்கள் சொல்லும் கதை. அதில் ஓர் ஊருக்குத் தமிழில் கொல்லிமலை என்று பெயர். நாமக்கல் கொல்லிமலையோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், இது நீலகிரிக்குள்ளேயே இருக்கிறது. கோத்தகிரி என்ற பெயரும் இவர்களை வைத்து வந்ததுதான். இரும்படிப்பு, தச்சு, மண்பாண்டம் எல்லாம் இவர்கள் கைவேலை. கூடவே இசை.

[காட்சி: வாத்தியங்கள் ஒவ்வொன்றாக, நெருக்கத்தில்.]

முதலில் கொள் என்ற குழல். நாதஸ்வரத்துக்குச் சொந்தக்காரன் போல, ஆனால் அதைவிடக் குட்டை. வாயில் வைக்கும் இடத்தில் சீவாளி. வாசிப்பவரின் கன்னத்தைப் பாருங்கள், பந்து மாதிரி உப்பியிருக்கிறது. கன்னத்தில் சேர்த்த காற்று குழலுக்குள் போய்க்கொண்டிருக்கும்போதே மூக்கால் மூச்சு இழுத்துக்கொள்கிறார். அதனால் ஓசை அறுவதே இல்லை. பழகப் பல வருடம் பிடிக்கும் வித்தை இது.

அடுத்து தோபர், கின்வர் என்ற இரண்டு உருளை மத்தளங்கள். தீயில் காய்ச்சினோமே, அந்தத் தம்பட்டைக்குக் கோத்தர் மொழியில் தபட்க் என்று பெயர். சில சமயம் கொப் என்ற வளைந்த கொம்பும் சேரும். வாசிப்பது ஆண்கள். பாட்டும் ஆட்டமும் பெண்களிடமும் உண்டு.

இந்த இடத்தைக் கொஞ்சம் கவனித்துக் கேளுங்கள். நம் கச்சேரியில் பாட்டும் தாளமும் கைகோத்து நடக்கும். கோத்தர் மேளத்தில் தோல் வாத்தியங்கள் ஒரே தாளத்தைச் சுழற்றிக்கொண்டே இருக்கும். கொள் அதன் மேல் தன் இஷ்டத்துக்கு நீளும், குறுகும். தாளத்தை விட்டு விலகிவிட்டதோ என்று தோன்றும். ஆனால் மெட்டில் சில குறிப்பிட்ட இடங்கள் உண்டு. அங்கே மட்டும் குழலும் அடியும் சரியாக வந்து சேரும். முதல் தடவை கேட்கும்போது குழப்பமாகத்தான் இருக்கும். சேரும் இடத்தைக் காது ஒரு தடவை பிடித்துவிட்டால் அப்புறம் விடமாட்டீர்கள்.

மெட்டுக்கும் கொள் என்றே பெயர். மெட்டுகளைப் பெரும்பாலும் மூன்றாகப் பிரிக்கிறார்கள்: சாமிக்கு வாசிக்கும் தேவ்ர் கொள், சாவுக்கான தாவ் கொள், ஆட்டத்துக்கான ஆட் கொள். சாமி மெட்டு சாவில் கேட்காது, சாவு மெட்டு கோயிலில் கேட்காது. சாவிலும் பாடையைத் தூக்க ஒரு மெட்டு, சுடுகாட்டுக்குப் போக இன்னொன்று. தூரத்தில் இருப்பவர் காதை வைத்தே அங்கே என்ன நடக்கிறது என்று சொல்லிவிடலாம்.

[காட்சி: தொதவர் மந்து. பிறகு படகர் ஹட்டி.]

சரி, இதில் மற்றவர்களுக்கு என்ன வேலை? அந்தக் காலத்தில், நீலகிரியின் மற்ற மக்களான தொதவரின் ஊராகிய மந்திலோ படகரின் ஊராகிய ஹட்டியிலோ ஒருவர் இறந்தால் கோத்தர் மேளத்துக்கு ஆள் போகும். வெறும் கூலிக்கு வாசிப்பதாக அது இருக்கவில்லை. தொதவர் நெய் கொடுத்தார்கள், எருமை கொடுத்தார்கள். படகர் தானியம் கொடுத்தார்கள். காட்டுப் பழங்குடிகளான குறும்பர் தேன் கொண்டுவந்தார்கள். கோத்தர் மண்வெட்டியும் பானையும் இசையும் கொடுத்தார்கள். எந்த வீட்டுக்கு யார் வாசிப்பது என்பதுகூடத் தலைமுறை தலைமுறையாக வந்த உறவு. மொழியும் சாமியும் வேறு வேறாக இருந்த மக்கள் ஒரே குழலோசையில் தங்கள் முதியவர்களை வழியனுப்பினார்கள் என்று நினைக்கும்போது எனக்கு நெஞ்சு நிறைந்துவிடுகிறது.

அது நீடிக்கவில்லை. காசு புழக்கத்துக்கு வந்தது, சந்தையில் இரும்புச் சாமான் கிடைத்தது. 1930களை ஒட்டிப் படகர்களில் பலர் சாவுக்குக் கோத்தர் மேளம் வேண்டாம் என்று நிறுத்தினார்கள். கோத்தர்களிலும், அடுத்தவர் வீட்டில் வாசிப்பதால்தானே நம்மைத் தாழ்வாகப் பார்க்கிறார்கள் என்று மறுத்தவர்கள் உண்டு. அவர்கள் மறுத்தது நியாயம் என்றுதான் நான் நினைக்கிறேன். குழலோசை மட்டும் வேண்டும், வாசித்தவருக்குச் சமமாக இடம் கிடையாது என்றால் யார்தான் எத்தனை நாள் வாசிப்பார்?

[காட்சி: கோயில் முற்றம். வெள்ளைப் போர்வையில் வட்டமாக ஆடும் ஆண்கள்.]

இன்று கோத்தர்கள் முதன்மையாகத் தங்களுக்காக வாசிக்கிறார்கள். டிசம்பர் – ஜனவரியில், மூன்றாம் பிறை தெரிந்த பிறகு, அவர்கள் சாமியான கம்பட்டராயர் திருவிழா தொடங்கும். வேலைக்கு வெளியூர் போனவர்கள் ஊருக்குத் திரும்புவார்கள். நாள்கணக்கில் ஆட்டம்தான். கடைசியில் பெண்கள் ஆட வருவார்கள்.

கோடையில் ஊட்டிக்கு வரும்போது மேடையில் கோத்தர் ஆட்டம் பார்க்கக் கிடைக்கலாம். அங்கே நீங்கள் கேட்பது பெரும்பாலும் ஆட் கொள். தேவ்ர் கொள் வேண்டுமென்றால் மார்கழியில், அந்த ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு, அவர்கள் நிற்கச் சொல்லும் இடத்தில் நின்று கேட்கவேண்டும். போர்வை எடுத்துக்கொண்டு போங்கள்.

[காட்சி: தீ அணைகிறது. தபட்க் ஓசை மட்டும்.]