கண்டும் காணாததுபோல்: ஒரு வார வாசிப்பிலிருந்து

[காட்சி: தோல் சுருளின் எழுத்துகள்மேல் விரல் வடிவ வெள்ளிக் கோல் மெல்ல நகர்கிறது.]

யூதர்களின் தொழுகைக்கூடங்களில், தோரா எனப்படும் ஐந்து ஆகமங்கள் 54 பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு ஷப்பாத், அதாவது சனிக்கிழமை ஓய்வுநாள், காலையிலும் கையெழுத்துச் சுருளிலிருந்து முறைப்படி வாசிக்கப்படுகின்றன. இப்பகுதிக்குப் பராஷா என்று பெயர். கோடையின் இறுதியில், யூத நாட்காட்டியின் எலூல் மாதத்தில் வரும் ‘கி தேட்சே’ என்னும் பராஷாவில், மரபுக் கணக்கின்படி, மொத்தக் கட்டளைகள் 613இல் 74 அடங்கியுள்ளன. மொட்டைமாடிக்குக் கைப்பிடிச்சுவர் எழுப்பு, கூலியாளுக்கு அன்றைய கூலியை அன்றே கொடு என்பவை அவற்றுள் சில. நாம் இன்று எடுத்துக்கொள்வது, தொலைந்த பொருளைப் பற்றிய கட்டளையை மட்டுமே.

[காட்சி: வழிதவறிய மாடு ஒன்று தனியே நிற்கிறது.]

பிறருடைய மாடோ ஆடோ வழிதவறிச் செல்வதைக் கண்டால் அதைத் திருப்பிக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்று, இப்பராஷா இடம்பெறும், தோராவின் ஐந்தாம் நூலான உபாகமத்தின் 22ஆம் அதிகாரம் தொடங்குகிறது. மூன்றாம் வசனத்தின் முடிவில் உள்ள எபிரேயச் சொற்களை அப்படியே பெயர்த்தால், ‘ஒளிந்துகொள்ளக் கூடாது’ என்று வராது. ‘ஒளிந்துகொள்ள உன்னால் முடியாது’ என்றே வரும். திருடுவதை அல்ல, கண்டும் காணாததுபோல் கடந்துபோவதையே இவ்வசனம் மறிக்கிறது. நம்மில் பெரும்பாலோர் திருடுவதில்லை, ஆனால் கடந்துபோகிறோம்.

[காட்சி: ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய மூன்று நாணயங்கள்.]

கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னா இக்கட்டளையை நடைமுறைக்குக் கொண்டுவருகிறது. சிதறிக் கிடக்கும் காசு, அடையாளம் சொல்லிக் கேட்க இயலாதது என்பதால், கண்டெடுத்தவருக்கே உரியது. ஆனால் மூன்று நாணயங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தால், அந்த அடுக்கே ஓர் அடையாளமாகிவிடுவதால், அதை ஊரறிய அறிவித்தாக வேண்டும். எத்தனை காலம் அறிவிப்பது என்ற கேள்விக்கு, மக்கள் எருசலேமில் கூடும் மூன்று திருவிழாக்களிலும் கடைசி விழாவுக்குப் பின் ஏழு நாட்களும் என்கிறார் ரபி (யூத சமய அறிஞர்) யெகூதா: கேட்டவர் தம் வீட்டுக்குச் சென்று பார்க்க மூன்று நாள், திரும்பி வர மூன்று நாள், தம் இழப்பைச் சொல்ல ஒரு நாள். பொருளைத் தொலைத்தவரின் நடைவேகத்தைக்கூடக் கணக்கில் கொண்ட சட்டம் இது.

பாதுகாக்கும் முறையில் நுட்பம் இன்னும் கூடுகிறது. கண்டெடுத்த நூற்சுருளை முப்பது நாளுக்கு ஒருமுறை பிரித்து வாசிக்க வேண்டும். வாசிக்கத் தெரியாதவர் அதைச் சுருட்டியாவது வைக்க வேண்டும். ஆனால் அதைக்கொண்டு புதிதாக ஒன்றைக் கற்கத் தொடங்கலாகாது. துணியாயின், அதன் நலனுக்காக உதறி விரிக்கலாம். தம் பெருமைக்காக விரிக்கக் கூடாது. பேருந்து இருக்கையில் கைபேசி ஒன்றைக் கண்டெடுப்பவர், உரியவர் அழைக்கும்வரை அதற்கு மின்னேற்றி வைப்பதும், உள்ளே உள்ள படங்களைப் பாராதிருப்பதும் இவ்விதியின் வழியில் வருபவையே என்பது என் கருத்து.

[காட்சி: வீட்டு வாசலில் கோழிகள்.]

மிஷ்னாவை விரித்துரைக்கும் தொகுப்பான தல்மூதில் ரபி ஹனினா பென் தோசாவின் கதை ஒன்று உண்டு. வழிப்போக்கர் ஒருவர் அவர் வாசலில் கோழிகளை விட்டுச் சென்றுவிட்டார். முட்டைகளை உண்ணக் கூடாது என்று ஹனினா வீட்டாரிடம் சொன்னதால், அவை குஞ்சு பொரித்துப் பெருகி வீட்டாருக்குத் தொல்லையாயின; எனவே அவற்றை விற்று ஆடுகள் வாங்கினார். பின்னொரு நாள் உரியவர் அவ்வழியே வந்து, தம் கோழிகளை இங்குதான் விட்டதாகப் பேசிக்கொண்டிருந்தது ஹனினாவின் காதில் விழுந்தது. அவர் அடையாளம் கேட்டார், வந்தவர் சொன்னார், ஆடுகளை ஓட்டிச் சென்றார்.