நார்மலா, பவரா? உங்கள் வண்டிக்கு எந்தப் பெட்ரோல்?

[காட்சி: காலை நேரப் பெட்ரோல் பங்க். ஒரு ஸ்கூட்டரின் டேங்க் மூடி திறக்கிறது.]

"ஜீரோ பாத்துக்கோங்க சார். நார்மலா, பவரா?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல நமக்கு இரண்டு விநாடிதான் கிடைக்கிறது. பின்னால் நாலு வண்டி நிற்கும். "வண்டிக்கு நல்லது" என்று யாரோ சொன்ன ஞாபகத்தில் பவர் போடச் சொல்கிறோம். இல்லை, விலைப் பலகையைப் பார்த்துவிட்டு நார்மல் என்கிறோம். வணக்கம். அந்த இரண்டு விநாடிக் கேள்விக்கு இன்றைக்கு நிதானமாக உட்கார்ந்து பதில் தேடுவோம்.

எனக்கு இதில் அக்கறை வந்தது கொல்லிமலையில். காரவள்ளி அடிவாரத்திலிருந்து மேலே 70 கொண்டை ஊசி வளைவுகள். பன்னிரண்டு வருடம் ஓடிய என்னுடைய பைக், பின்னால் தம்பி, மடியில் ஒரு பை. பத்துப் பன்னிரண்டு வளைவு ஏறியதும் இன்ஜினிலிருந்து ஒரு சத்தம். தகர டப்பாவில் சில்லறையைப் போட்டுக் குலுக்கினால் வருமே, அந்த மாதிரி. ஆக்சிலரேட்டரை முறுக்கினால் சத்தம் கூடுகிறது, விட்டால் அடங்குகிறது. "பெட்ரோல் சரியில்லை, அடுத்த தடவை பவர் போடு" என்றான் தம்பி. கீழே இறங்கியதும் அதைத்தான் செய்தேன். சத்தம் குறைந்தது. ஆனால் போகவில்லை. ஏன் போகவில்லை என்பதற்குக் கடைசியில் வருகிறேன். முதலில் அந்தச் சத்தம் என்ன என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

[காட்சி: சைக்கிளுக்குக் காற்றடிக்கும் கைப்பம்பு. ஒரு கை பம்பின் அடிப்பாகத்தைத் தொட்டுப் பார்க்கிறது.]

சைக்கிளுக்குக் காற்றடித்திருப்பீர்கள். இருபது முப்பது முறை வேகமாக அடித்துவிட்டுப் பம்பின் அடிப்பாகத்தைத் தொட்டால் சுடும். காற்றை அழுத்தினால் சூடாகும், அவ்வளவுதான். உங்கள் இன்ஜினிலும் பிஸ்டன் மேலே வரும்போது பெட்ரோலும் காற்றும் கலந்த கலவையை இதேபோல அழுத்துகிறது. எத்தனை மடங்கு சுருக்குகிறது என்பதைத்தான் கம்ப்ரஷன் ரேஷியோ என்கிறார்கள். ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350-இன் இப்போதைய இன்ஜினில் இது 9.5-க்கு 1. யமஹா ஆர்15-இல் 11.6-க்கு 1. எவ்வளவு அதிகம் சுருக்குகிறோமோ, ஒரே அளவு பெட்ரோலிலிருந்து அவ்வளவு அதிக வேலை வாங்கலாம். கம்பெனிகள் இந்த எண்ணை ஏற்றிக்கொண்டே போவதற்குக் காரணம் இதுதான்.

ஆனால் அழுத்தினால் சூடாகும் என்று பார்த்தோம் அல்லவா? அங்கேதான் சிக்கல் வருகிறது. ஸ்பார்க் பிளக் பொறி விட்டதும் தீ ஒரு ஓரத்தில் பற்றி, அலை மாதிரி சீராகப் பரவ வேண்டும். அது பிஸ்டனை ஒரே சீராக, கைவைத்துத் தள்ளுவது போலத் தள்ளும். சில சமயம் அந்தத் தீ போய்ச் சேர்வதற்குள், மறு ஓரத்தில் காத்திருக்கும் கலவை சூடும் அழுத்தமும் தாங்காமல் தானாகவே வெடித்துவிடுகிறது. அப்போது எழும் அழுத்த அலை சிலிண்டர் சுவரில் மோதும். நான் கொல்லிமலையில் கேட்ட சில்லறைச் சத்தம் அதுதான். மெக்கானிக்குகள் இதை நாக்கிங் என்பார்கள். எப்போதாவது ஒருமுறை கேட்டால் பயமில்லை. மாதக்கணக்கில் விட்டுவிட்டால் பிஸ்டனின் தலை அரிக்கும், ரிங் உடையும், ஹெட் கேஸ்கட் போகும்.

சரி, பெட்ரோல் ரகங்களைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அடிபடும் ஆக்டேன் என்ன என்பதை இப்போது சுலபமாகச் சொல்லிவிடலாம். தானாக வெடிக்காமல், பொறி வரும் வரை பெட்ரோல் எவ்வளவு பொறுத்திருக்கும் என்பதற்கான எண் அது. ஆக்டேன் கூடினால் பெட்ரோலில் சக்தி கூடும் என்று பலரும் நினைக்கிறார்கள். ஆக்டேன் எண் சக்தியை அளப்பதே இல்லை, பொறுமையை மட்டும்தான் அளக்கிறது.

[காட்சி: இரண்டு கண்ணாடிக் குடுவைகள். ஒன்றின் மேல் 100, இன்னொன்றின் மேல் 0.]

அளக்கும் முறையும் அழகானது. 1920-களில் வந்த ஏற்பாடு. ஐசோ ஆக்டேன் என்ற திரவம் நன்றாகப் பொறுக்கும். அதற்கு 100 என்று மதிப்பெண் கொடுத்தார்கள். ஹெப்டேன் என்ற திரவம் உடனே வெடித்துவிடும், அதற்கு 0. சோதனை இன்ஜின் ஒன்றில் நம் பெட்ரோலை ஊற்றி ஓட்டுவார்கள். 91 பங்கு ஐசோ ஆக்டேனும் 9 பங்கு ஹெப்டேனும் கலந்த கலவை எந்த இடத்தில் நாக்கிங் தருகிறதோ, அதே இடத்தில் நம் பெட்ரோலும் தந்தால் அது 91 ஆக்டேன். ஆய்வகத்தில் ஆர்ஓஎன் என்று எழுதுவது இந்த எண்ணைத்தான்.

ஆக்டேனை ஏற்ற ஒரு காலத்தில் ஈயம் கலந்தார்கள். 1921-இல் அமெரிக்காவில் தாமஸ் மிட்ஜ்லி என்ற பொறியாளர் கண்டுபிடித்த வழி. நாக்கிங் நின்றது, ஆனால் ஈயம் புகையோடு வெளியே வந்து குழந்தைகளின் ரத்தத்தில் சேர்ந்தது. இந்தியாவில் 2000-இல் ஈயம் கலந்த பெட்ரோல் விற்பனை நின்றது. உலகத்தில் சாலை வண்டிகளுக்குக் கடைசியாக 2021-இல் அல்ஜீரியாவில் நின்றது. ஒரு நூற்றாண்டு நடந்த தவறு இது. வண்டிக்கு நல்லது என்று சொல்லி எதை ஊற்றினாலும், அது எங்கே போய்ச் சேர்கிறது என்று ஒரு கணம் யோசிக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றுவது இதனால்தான்.

இனி பங்குக்குத் திரும்புவோம். 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபோது நம் ஊர் சாதாரணப் பெட்ரோலுக்குக் குறைந்தபட்ச ஆக்டேன் 91 என்று இருந்தது. அதைவிட விலை கூடிய ரகங்கள் இந்தியன் ஆயிலில் எக்ஸ்பி95, ஹெச்பியில் பவர், பாரத் பெட்ரோலியத்தில் ஸ்பீடு. இந்தியன் ஆயில் 2020 டிசம்பரில் 100 ஆக்டேன் உள்ள எக்ஸ்பி100-ஐயும் கொண்டுவந்தது. அதன் விலை சாதாரணப் பெட்ரோலைவிட மிக அதிகம். உயர் கம்ப்ரஷன் உள்ள சூப்பர் பைக்குகளுக்கும் விலை உயர்ந்த கார்களுக்கும் என்று வந்த சரக்கு. ஆக்டிவா ஓட்டுகிறவர் அதை ஊற்றி ஒரு பலனும் பெற மாட்டார்.

[காட்சி: பெட்ரோல் மூடியின் உட்பக்கம். ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் நெருக்கத்தில்.]

உங்கள் வண்டிக்கு எது என்று வீடியோ பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதே இல்லை. காரில் பெட்ரோல் மூடியைத் திறந்தால் உள்ளேயே ஸ்டிக்கர் இருக்கும். பைக்கில் டேங்க் மேலேயோ சீட்டுக்கு அடியிலோ இருக்கும். இல்லையென்றால் ஷோரூமில் கொடுத்த சர்வீஸ் புத்தகத்தோடு வந்த இன்னொரு கையேடு, பெரும்பாலும் கவரைக்கூடப் பிரிக்காமல் அலமாரியில் கிடக்கும், அதில் எரிபொருள் என்ற பக்கத்தைப் பாருங்கள். 91 அல்லது அதற்கு மேல் என்று இருந்தால் நார்மல் போதும். 95 என்று கட்டாயமாக எழுதியிருந்தால் 95 போடுங்கள். அதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

நார்மல் போதும் என்று எழுதியிருக்கும் வண்டிக்கு 95 போட்டால் என்ன ஆகும்? கெடுதல் ஒன்றும் இல்லை. நன்மையும் பெரிதாக இல்லை. அந்த இன்ஜின் சுருக்கும் அளவுக்கு 91-இன் பொறுமையே போதுமானது. வித்தியாசம் லிட்டருக்கு 8 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 30 லிட்டர் போடுகிறவருக்கு 240 ரூபாய். வருடத்துக்கு 2,880. அதில் ஒரு நல்ல ஜெனரல் சர்வீஸே செய்துவிடலாம். இன்ஜினைச் சுத்தம் செய்யும் மருந்து சேர்க்கிறோம் என்று கம்பெனிகள் சொல்வது உண்மைதான். பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டரில் படிவு சேராமல் பார்த்துக்கொள்ள அது ஓரளவு உதவும். ஆனால் நேரத்துக்கு ஆயில் மாற்றாமல், ஏர் ஃபில்டரைத் தட்டிக்கூடப் பார்க்காமல், பவர் மட்டும் போட்டுக்கொண்டிருந்தால் அது வீண்.

அப்புறம், "எனக்கு 95 போட்டால் வண்டி இழுவை தெரிகிறதே" என்பவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. இப்போது வரும் பல கார்களில் நாக் சென்சார் இருக்கிறது. நாக்கிங் வந்ததும் கம்ப்யூட்டர் பொறி விடும் நேரத்தைத் தள்ளிப்போட்டு இன்ஜினைக் காப்பாற்றும். அப்போது இழுவை கொஞ்சம் குறையும். டர்போ கார், ஏசி ஓடுகிறது, மே மாத வெயில், ஐந்து பேர், மலைப்பாதை என்று எல்லாம் சேர்ந்தால் 95 உண்மையிலேயே கைகொடுக்கும். ஆனால் சென்சார் இல்லாத 100 சிசி பைக்கில், அண்ணாசாலை சிக்னலிலிருந்து அடுத்த சிக்னலுக்குப் போவதில், அந்த வித்தியாசம் தெரிய வழியில்லை.

[காட்சி: விலைப் பலகையில் இ20 என்ற எழுத்து.]

இப்போது எல்லோரும் கேட்கும் கேள்வி: இ20. இ என்றால் எத்தனால், 20 என்றால் நூற்றுக்கு இருபது. கரும்பிலிருந்தும் மக்காச்சோளம், அரிசியிலிருந்தும் எடுக்கும் ஆல்கஹால். 2023 பிப்ரவரியில் சில பங்குகளில் தொடங்கி, 2025-இல் நாடு முழுவதும் இதுவே சாதாரணப் பெட்ரோல் ஆகிவிட்டது. எத்தனாலின் ஆக்டேன் 108-க்கு மேல். அதனால் இ20-இல் ஆக்டேன் ஏறி 95-ஐத் தொடுகிறது என்று பெட்ரோலிய அமைச்சகமே விளக்கம் கொடுத்தது. அப்படியென்றால் ஆக்டேனுக்காக மட்டும் கூடுதல் காசு கொடுப்பதற்கான காரணம் முன்பைவிட இன்னும் குறைந்துவிட்டது.

ஆனால் எத்தனாலுக்கு இன்னொரு முகம் உண்டு. ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் சக்தி, ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். அதனால் மைலேஜ் குறையும். எத்தனால் இல்லாத பெட்ரோலுக்காகக் கட்டி, இ10-க்குச் சரிசெய்த கார்களில் 6 முதல் 7 சதவீதம் வரை, அதே மாதிரி பைக்குகளில் 3 முதல் 4 சதவீதம், இ10-க்காகவே கட்டி இ20-க்குச் சரிசெய்த கார்களில் 1 முதல் 2 சதவீதம் என்று நிதி ஆயோக் 2021 அறிக்கையிலேயே இருக்கிறது. உங்கள் பழைய வண்டி லிட்டருக்கு 50 கொடுத்தது இப்போது 48 கொடுக்கிறது என்றால் அது உங்கள் பிரமை இல்லை.

பழைய வண்டிக்காரர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். எத்தனால் ஈரத்தை இழுக்கும். டேங்குக்குள் தண்ணீர் அதிகம் சேர்ந்தால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பெட்ரோலை விட்டுப் பிரிந்து அடியில் தங்கிவிடும். இன்ஜின் முதலில் உறிஞ்சுவது அந்த அடித்தண்ணீரைத்தான். மழைக்காலத்தில் மூடியின் ரப்பர் வளையம் வெடித்திருக்கிறதா என்று பாருங்கள். நூறு ரூபாய்கூட ஆகாத வேலை. 2023-க்கு முன் வாங்கிய வண்டியாக இருந்தால் அடுத்த சர்வீஸில் பெட்ரோல் ஹோஸையும் கேஸ்கட்டையும் விரலால் அமுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். கெட்டித்து விரிசல் விட்டிருந்தால் மாற்றிவிடலாம். இ20-க்குப் பயந்து 95 போடலாமே என்று கேட்கிறார்கள். அந்த 95-லும் எத்தனால் கலந்துதான் வருகிறது.

வெளிநாட்டில் இருந்து பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இலங்கையில் பொதுவாக 92, 95. மலேசியாவில் தொடக்கமே 95, அதற்கு மேல் 97. அமெரிக்காவில் 87 என்று பார்த்துவிட்டு நம் ஊரைவிட மட்டமா என்று பயப்பட வேண்டாம். அங்கே இரண்டு விதமான சோதனைகளின் சராசரியைப் பலகையில் போடுகிறார்கள். அந்த 87 நம் கணக்கில் 91, 92-க்குச் சமம். இரண்டையும் கலக்கலாமா என்றும் கேட்பீர்கள். தாராளமாகக் கலக்கலாம். பாதி 91, பாதி 95 ஊற்றினால் ஏறக்குறைய 93.

[காட்சி: வெள்ளை ஃபில்டர் பேப்பரில் ஒரு சொட்டுப் பெட்ரோல் விழுகிறது.]

ரகத்தைவிடச் சுத்தம் முக்கியம். பங்கில் ஃபில்டர் பேப்பர் கேட்பது உங்கள் உரிமை, கூச்சப்படாமல் கேளுங்கள். நாசிலின் வாயைத் துடைத்துவிட்டு ஒரு சொட்டு விடச் சொல்லுங்கள். இரண்டு நிமிடத்தில் ஆவியாகிவிடும். நல்ல பெட்ரோல் கறுத்த கறை எதையும் விடாது. எண்ணெய்ப் பிசுக்கோடு கறை நின்றால் கலப்படம் என்று சந்தேகிக்கலாம். அளவில் சந்தேகம் இருந்தால் ஐந்து லிட்டர் அளவைப் பாத்திரத்தில் பிடித்துக் காட்டச் சொல்லவும் உங்களுக்கு உரிமை இருக்கிறது.

சரி, என் பைக்குக்கு வருவோம். பவர் போட்டும் சத்தம் முழுதாகப் போகவில்லை என்றேன். மெக்கானிக் அண்ணன் ஹெட்டைக் கழற்றி என் கையில் கொடுத்தார். உள்ளே, தோசைக்கல்லில் பல மாதம் தேய்க்காமல் விட்ட கரி மாதிரி கறுப்பாக ஓர் அடை. அது இடத்தை அடைத்துக்கொண்டதால் கம்ப்ரஷன் ஏறியிருக்கிறது. அந்தக் கரி தணலாகக் கனன்று கலவையைச் சூடாக்கவும் செய்திருக்கிறது. பித்தளை பிரஷ்ஷால் தேய்த்து எடுத்தார், பிளக்கை மாற்றினார். "தம்பி, மலையில மூணாவது கியர்ல இழுக்காதீங்க, ரெண்டுக்கு வாங்க" என்று மட்டும் சொன்னார்.

அடுத்த மாதம் அதே தம்பியோடு, அதே 70 வளைவும் ஏறினேன். டேங்கில் நார்மல் பெட்ரோல். செம்மேடு போய்ச் சேரும்வரை காது கொடுத்துக் கேட்டுக்கொண்டே போனேன். சில்லறைச் சத்தம் ஒருமுறைகூட வரவில்லை.