படைத்தளத்து மரங்களுக்கு நடுவே கோல்ஃப்: குறைந்த கட்டணம், நிறைந்த ஆட்டம்

வணக்கம். இன்று மைதானத்தைக் கொஞ்சமாகவும் என் முகத்தை அதிகமாகவும் பார்க்கப் போகிறீர்கள். நான் ஆடிவிட்டு வந்திருப்பது ஒரு விமானப்படைத் தளத்துக்குள் இருக்கும் கோல்ஃப் மைதானம். ஓடுபாதைப் பக்கமும் கட்டடங்கள் பக்கமும் கேமராவைத் திருப்பக் கூடாது என்று வாயிலிலேயே சொல்லிவிட்டார்கள். நியாயமான கட்டுப்பாடு. அதனால் பையில் வைத்துவிட்டு ஆடினேன். இப்போது வாயால் சொல்கிறேன்.

அங்கே ஏன் போனேன்? நான் வழக்கமாக ஆடும் இடத்தில் கட்டணத்தை மறுபடியும் ஏற்றிவிட்டார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். இனிமேல் மைதானத்துக்குள் ஓட்டிப் போகும் வண்டிக்கு வாடகையும் கட்டாயமாம்! நான் நடந்து ஆடுகிறவன் என்பது இந்தச் சேனலைப் பார்க்கும் எல்லோருக்கும் தெரியும். நடக்கிறவனிடம் வண்டிக்குப் பணம் வாங்குவது எந்த வகையில் நியாயம்? நடந்தால்தான் அடுத்த அடியைப் பற்றி யோசிக்க நேரம் கிடைக்கும், புல்லின் ஈரம் காலுக்குத் தெரியும், காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று உடம்புக்குத் தெரியும். வண்டியில் போனால் பந்தும் கைபேசியும்தான் தெரியும்.

தளத்து மைதானத்தில் நான் கொடுத்தது வெளியாளுக்கான கட்டணம், அதாவது அவர்கள் வாங்குவதிலேயே அதிகமானது. அது என் பழைய மைதானத்துக் கட்டணத்தில் பாதிகூட இல்லை. பல தளங்களில் பதவியைப் பார்த்துத்தான் கட்டணம் வைக்கிறார்கள். இளம் சிப்பாய்க்குக் குறைவு, மூத்த அதிகாரிக்குக் கூடுதல். எனக்கு மிகவும் பிடித்த முறை இது. இடம் படையுடையது, மைதானம் வீரர்களின் பொழுதுபோக்குக்காக அமைத்தது, சுற்றிலும் மாளிகை கட்டி விற்கும் எண்ணம் யாருக்கும் இல்லை. விலை குறைவாக இருப்பதில் மர்மம் ஒன்றுமில்லை. இன்னொன்று, மட்டைப் பையை வைத்துத் தள்ளிக்கொண்டு நடக்கும் தள்ளுவண்டி இலவசம்! பெரிய சக்கரம் வைத்த நல்ல வண்டி, கைப்பிடியில் ஸ்கோர் அட்டையைச் செருகும் கிளிப்கூட உடையாமல் இருந்தது. பணம் எவ்வளவு என்று கேட்டேன். "நடக்கிறவர்களுக்கு எதற்குப் பணம்?" என்றார் கவுன்ட்டரில் இருந்தவர். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே மறுபடியும் போவேன்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். அங்கே நேரே போய் இறங்கிவிட முடியாது. முன்கூட்டியே பெயர் கொடுக்க வேண்டும், வாயிலில் அடையாள அட்டையைச் சரிபார்ப்பார்கள், காரைத் திறந்து காட்டச் சொல்வார்கள். சில தளங்களில் உள்ளே இருப்பவர் ஒருவர் அழைத்தால்தான் நுழைய முடியும். ஆட்ட நேரத்துக்கு வெகு முன்னதாகவே போய்விடுங்கள்.

இனி மரங்கள். முதல் டீயில், அதாவது முதல் அடி அடிக்கும் இடத்தில் நின்று பார்த்தால் இரண்டு பக்கமும் வரிசை வரிசையாக முதிர்ந்த மரங்கள், நடுவில் குறுகலான ஃபேர்வே, அதாவது பந்து போக வேண்டிய புல்பாதை. டிரைவரை, அதாவது தூரமாக அடிக்கும் பெரிய மட்டையை எடுத்து முழு வேகத்தில் வீசும் ஆட்டம் இங்கே செல்லாது. குளங்கள் மிகக் குறைவு. நீர்நிலை இருந்தால் பறவைகள் கூடும், பறவைகள் விமானங்களுக்கு ஆபத்து. அதுதான் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன். ஆக, இந்த மைதானத்துக்கு இருக்கும் ஒரே காவல் மரங்கள். அதுவே போதும்.

மரங்களை வெட்டித் தள்ளுவது இப்போது ஒரு போக்காகிவிட்டது. அமெரிக்காவின் ஓக்மான்ட் மைதானத்தில் ஆயிரக்கணக்கான மரங்களை அகற்றினார்கள். புல்லுக்கு வெயிலும் காற்றும் வேண்டும் என்ற வாதம் எனக்குப் புரிகிறது. நிழலில் கிடக்கும் கிரீனில், அதாவது குழியைச் சுற்றியுள்ள வழவழப்பான புல்தரையில், புல் நோஞ்சானாகத்தான் வளரும். ஆனாலும் என் ஓட்டு மரத்துக்குத்தான். நேராக அடிக்கத் தெரிந்தவனுக்கும் வெறுமனே தூரமாக அடிக்கிறவனுக்கும் உள்ள வித்தியாசத்தை மரத்தைப் போல வேறு எதுவும் காட்டாது. ஐசன்ஹோவரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு போரையே நடத்திய தளபதி, அமெரிக்க அதிபர். அகஸ்டா மைதானத்தின் 17-ஆவது குழியில் ஒரு பைன் மரம் அவரை விடாமல் மறித்துக்கொண்டிருந்தது. 1956-இல் கிளப் கூட்டத்தில் எழுந்து அதை வெட்ட வேண்டும் என்றார். தலைவர் கிளிஃபர்ட் ராபர்ட்ஸ் கூட்டத்தையே ஒத்திவைத்துவிட்டார்! 2014 பிப்ரவரியில் பனிப்புயலில் சேதமடைந்த பிறகுதான் அந்த மரத்தை அகற்றினார்கள்.

நான் சொல்லத் துடித்துக்கொண்டிருக்கும் இடம் இதுதான். பின்பாதியில் இடதுபுறம் வளையும் ஒரு நீண்ட பார் நான்கு, அதாவது நான்கு அடிகளில் முடிக்க வேண்டிய குழி. என் பந்து வலதுபுற மரங்களுக்குள் போய், காய்ந்த சருகின் மேல் உட்கார்ந்திருந்தது. முன்னால் இரண்டு அடிமரங்கள், இடையில் ஒரு கதவு அகலம் இடைவெளி, தலைக்கு மேலே தாழ்ந்த கிளை. சருகை அகற்ற விதி அனுமதிக்கிறது, ஆனால் அகற்றும்போது பந்து அசைந்தால் ஒரு அடி அபராதம், அதாவது ஸ்கோரில் ஒன்று கூடும். பந்தைத் தொட்டுக்கொண்டிருந்த சருகுகளை அப்படியே விட்டுவிட்டு, தள்ளிக் கிடந்தவற்றை மட்டும் எடுத்தேன். ஐந்தாம் எண் அயர்னை, அதாவது இரும்புத் தலை மட்டையை, கைப்பிடியில் தாழ்த்திப் பிடித்தேன். பந்து பின்காலுக்கு அருகில், கைகள் பந்துக்கு முன்னால், மட்டையின் தலை சருகில் படாமல் அந்தரத்தில். பாதி வீச்சு. அடித்த பிறகு கைகள் இடுப்போடு நின்றுவிட வேண்டும், அதற்கு மேல் போனால் பந்து எழும்பிக் கிளையில் மாட்டும். 'டக்' என்று சுத்தமான ஓசை. பந்து முழங்கால் உயரத்தில் இடைவெளியைத் தாண்டி, வெயிலில் இறுகிய ஃபேர்வேயில் ஓடி ஓடி, கிரீனின் விளிம்பில் போய் நின்றது. அங்கிருந்து இரண்டு அடிகளில் பார். தூரமாக அடித்த எந்த டிரைவும் எனக்கு இந்த மகிழ்ச்சியைத் தந்ததில்லை.

எரிச்சலும் ஒன்று உண்டு: வேர்கள். பந்து வேரின் மேல் கிடந்தால் பொது விதியில் இலவச விலக்கு, அதாவது அபராதமில்லாமல் பந்தை நகர்த்தி வைக்கும் சலுகை, கிடையாது. மைதானம் தனியாக உள்ளூர் விதி போட்டால்தான் உண்டு. இங்கே போடவில்லை. ஃபேர்வே ஓரத்திலேயே வேர் புடைத்துக்கொண்டு நிற்கும் இடத்தில், ஒழுங்காக அடித்தவன் எதற்காக மணிக்கட்டைப் பணயம் வைக்க வேண்டும்? எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

பந்து தேட மூன்று நிமிடம்தான் என்பதையும் மறக்காதீர்கள். 2019-க்கு முன்பு ஐந்து நிமிடம் இருந்தது. பந்து தொலைந்திருக்குமோ என்று சந்தேகம் வந்தால், அதற்குப் பதிலாக ஒரு தற்காலிகப் பந்தை உடனே அடித்துவிடுங்கள்.

சத்தத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மட்டையைப் பின்னால் தூக்கும் நேரம் பார்த்துப் போர் விமானம் கிளம்பும். சலுகை உண்டா என்று கேட்காதீர்கள். 1940-இல் லண்டனின் ரிச்மண்ட் கிளப் போட்ட போர்க்கால விதிகளில், குண்டு வெடித்து அடி கெட்டால் வேறு பந்தை ஆடலாம், ஆனால் ஒரு அடி அபராதம் என்று இருந்தது! விமானச் சத்தம் பழகிவிடும்.

மாலையில் கொடி இறக்கும்போது எக்காளம் கேட்டால், எந்தக் குழியில் இருந்தாலும் மட்டையை இறக்கிவிட்டுக் கொடியின் திசை பார்த்து நில்லுங்கள். முதலில் போகிறவர்களுக்கு இதை யாரும் சொல்வதில்லை, அதனால் நான் சொல்கிறேன்.

மலிவான மைதானத்தில் ஆடினால் ஆட்டம் வளராது என்று சிலர் எழுதுகிறீர்கள். டைகர் வுட்ஸ் சிறுவனாக ஆடிப் பழகிய இடங்களில் ஒன்று கலிஃபோர்னியாவின் கடற்படை மைதானம். அவருடைய தந்தை ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி. இதற்கு மேல் என்ன சொல்ல?

கிரீன்கள் கொஞ்சம் மெதுவானவை, பந்தைத் துணிந்து தட்ட வேண்டும். அடுத்த காணொளியில் டிரைவரை வீட்டில் வைத்துவிட்டு அதே மைதானத்தில் ஆடப் போகிறேன். உங்களுக்குத் தெரிந்த தளத்து மைதானங்களில் வெளியாட்களை அனுமதிக்கிறார்களா, வேருக்கு உள்ளூர் விதி உண்டா என்று கீழே எழுதுங்கள். இரண்டையும் எழுதுங்கள், வேர் விஷயத்தை விட்டுவிடாதீர்கள்.