கோட்டைக்குள் ஒரு மருத்துவமனை இருந்தது

(வேலூரில் ஜூலை 10 அன்று பேசியதன் எழுத்து வடிவம்)

அவையோருக்கு வணக்கம்.

ஆண்டுதோறும் இந்த நாளில் சிப்பாய் நினைவுத்தூணுக்கு மாலை போடுகிறோம். 1806இல் இதே நாள், பொழுது விடியுமுன் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் ஆங்கிலேயரை எதிர்த்து எழுந்தார்கள். நெற்றிக் குறியையும் கடுக்கனையும் விலக்கிய உத்தரவும் புதுத் தலைப்பாகையும் மூட்டிய தீ அது. ஆற்காட்டிலிருந்து ஆங்கிலேய அதிகாரி கில்லெஸ்பியின் குதிரைப்படை வந்தது. பிடிபட்டவர்களைச் சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள். அந்தச் சுவரை நாம் மறக்கவே கூடாது.

ஆனால் கோட்டைக்குள் ஒரு மருத்துவமனையும் இருந்தது. அங்கே படுத்துக் கிடந்த வெள்ளைக்கார நோயாளிகளையும் அன்று கொன்றார்கள். எழுச்சியின் நியாயம் இதனால் குறைகிறதா? என்னைக் கேட்டால், குறையவில்லை. ஆனால் அந்தக் கட்டில்களை மறைத்துச் சுவரை மட்டும் பிள்ளைகளுக்குக் காட்ட எனக்கு மனம் வரவில்லை.

போரில் தோற்று நொறுங்கிக் கிடந்த ஜெர்மனியில், 1945-46 குளிர்காலத்தில், ஹைடல்பர்க் பல்கலைக்கழக மாணவர்களிடம் தத்துவப் பேராசிரியர் கார்ல் யாஸ்பர்ஸ், நம்மவர் செய்த குற்றத்தில் நமக்கு என்ன பங்கு என்ற கேள்வியைத்தான் எடுத்தார். மனைவி யூதர், அவரைக் கைவிட மறுத்த யாஸ்பர்ஸின் பேராசிரியர் பதவியை நாஜிகள் பறித்திருந்தார்கள். ‘எனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை’ என்று அவர் ஒதுங்கியிருக்கலாம். ஒதுங்கவில்லை. கொன்றவனின் குற்றம் கொன்றவனுக்கே, அதை நீதிமன்றம் பார்க்கும். ஒரு நாட்டு மக்கள் அத்தனை பேரையும் கூண்டில் ஏற்ற முடியாது என்றார். ஆனால் அரசு செய்ததன் விளைவைக் குடிமக்கள் எல்லாரும் சுமந்தாக வேண்டும். அதற்கு அப்பால், அவரவர் மனச்சாட்சி கேட்கும் கணக்கு. அதற்கும் அப்பால், பக்கத்தில் ஒருவன் கொல்லப்பட நாம் உயிரோடு இருக்கிறோமே என்ற உறுத்தல்.

இந்தக் கடைசி உறுத்தலை நான் எங்கள் வீட்டிலேயே பார்த்திருக்கிறேன்.

வடாற்காட்டில் பட்டாளத்துக்குப் பிள்ளை அனுப்பாத ஊர் குறைவு. என் பெரியப்பா 1987இல் இந்திய அமைதிப்படையோடு இலங்கைக்குப் போனவர். அந்த அக்டோபர் 21, 22 தேதிகளில் யாழ்ப்பாணம் மருத்துவமனைக்குள் நம் படையினர் சுட்டதில் நோயாளிகளும் மருத்துவர்களும் தாதியரும் இறந்தார்கள். பெரியப்பா அப்போது திருகோணமலையில் இருந்தார். அவர் கையில் அந்த ரத்தம் இல்லை. ஆனாலும் வானொலிச் செய்தியில் யாழ்ப்பாணம் என்று காதில் விழுந்தால், பிசைந்த சோற்றை அப்படியே விட்டுவிட்டுத் திண்ணைக்குப் போய்விடுவார். பெரியம்மா ஒன்றும் கேட்காமல் தட்டை மூடி வைப்பார். நான் சிறுவன், வயிற்று வலி என்று நினைத்திருந்தேன்.

அவர் தனியாகச் சுமந்து தீர்த்தார். சுட்ட படை நம் நாட்டின் படை, நம் வரிப்பணத்தில் போனது. அவரோடு சேர்ந்து நாமும் சுமந்திருக்க வேண்டாமா? சுவரோரம் விழுந்த நம் சிப்பாய்களுக்காக 200 ஆண்டு கடந்தும் நியாயம் கேட்கிறோம். யாழ்ப்பாணத்துக் கட்டில்களைப் பற்றி இந்த ஊரில் ஒரு கூட்டம் போட்டிருக்கிறோமா? நானும் போட்டதில்லை. நாடெங்குமிருந்து நோயாளிகள் நம்பி வரும் ஊர் இது.

அடுத்த ஜூலை 10இல் மாலை போடும்போது, கோட்டை மருத்துவமனையில் இறந்தவர்களுக்காகவும் ஒரு நிமிடம் எழுந்து நிற்போம். அதற்கு முன் வரும் அக்டோபர் 21 மாலை, இதே மண்டபத்தில் யாழ்ப்பாணத்தில் இறந்தவர்களுக்கு விளக்கேற்ற அனுமதி கேட்கப் போகிறேன். மண்டபம் கிடைக்காவிட்டால் எங்கள் வீட்டுத் திண்ணையில் ஏற்றுவேன். வாருங்கள்.